அன்னாசிக் கேசரி: சொல் விளக்கமும் செய்பக்குவமும்

கேசரி, பெயர்ச்சொல். ரவையை நெய்யில் வறுத்து, கொதிநீரில் வேகவிட்டு, சர்க்கரை சேர்த்துக் கிண்டி எடுக்கும் இனிப்பு. அதில் அன்னாசித் துண்டுகள் விழுந்தால் அன்னாசிக் கேசரி. பொருள் இவ்வளவுதான். ஆனால் கேசரி என்ற பெயருக்குள் ரவையும் இல்லை, சர்க்கரையும் இல்லை, நெய்யும் இல்லை. நிறம் மட்டும் இருக்கிறது.

வடமொழியில் கேசரம் என்றால் இழை, மயிர். பூவின் நடுவே நிற்கும் மெல்லிய தாதிழைகளும் கேசரம், சிங்கத்தின் பிடரி மயிரும் கேசரம். பிடரி உடையது கேசரி, அதாவது சிங்கம். சோழர் கல்வெட்டுகளில் வரும் கேசரி இந்தச் சிங்கம்தான். அவர்கள் ராஜகேசரி, பரகேசரி என்ற பட்டங்களை மாறி மாறிச் சூடினார்கள். முதலாம் ராஜராஜன் ராஜகேசரி, அவன் மகன் முதலாம் ராஜேந்திரன் பரகேசரி. தட்டில் வரும் கேசரி வேறு கிளை. குங்குமப்பூ என்று நாம் வாங்குவது முழுப் பூவே இல்லை. ஒரு பூவுக்கு மூன்றே மூன்றாக இருக்கும் சூல்முடி இழைகளைக் கிள்ளி உலர்த்தியது. அந்த இழைக்கும் கேசரம் என்றே பெயர். இந்தியில் அது கேசர் ஆயிற்று. கேசர் நிறம் கொண்டது கேசரி.

இதன் பிறகு நடந்தது கொஞ்சம் வேடிக்கை. குங்குமப்பூவிலிருந்து நிறம் பெயரெடுத்தது, நிறத்திலிருந்து இனிப்பு பெயரெடுத்தது, இனிப்பிலிருந்து மளிகைக் கடையின் ‘கேசரி பவுடர்’ பெயரெடுத்தது. அந்தப் பொடியில் குங்குமப்பூ துளியும் இருக்காது. பெரும்பாலும் சன்செட் யெல்லோ, டார்ட்ரசின் போன்ற செயற்கை நிறமிகள்தான். ஒரு கிலோ இனிப்பில் 100 மில்லிகிராமுக்கு மேல் இவை இருக்கக் கூடாது என்பது இந்திய உணவு விதி. வீட்டில் அதை எடை போட்டுப் பார்க்க முடியாது. பொடியைச் சேர்த்தே ஆக வேண்டுமென்றால் ஒரு சிட்டிகையை நீரில் கரைத்து ஊற்றலாம். பொடியாகத் தூவினால் அங்கங்கே சிவப்புப் புள்ளியாக நிற்கும்.

கேசரிப் பருப்புக்கும் இதற்கும் உறவு கிடையாது. அது நெடுநாள் தின்றால் கால்களை முடக்கும் ஒரு பருப்பு. இந்தியில் அதன் முதலெழுத்து மூச்சொலி சேர்ந்த ககரம். அதற்குத் தமிழில் தனி எழுத்து இல்லாததால் இரண்டும் ஒரே சொல்லாகத் தோன்றுகின்றன.

தமிழ்நாட்டில் இதே இனிப்புக்குச் சொஜ்ஜி என்ற பெயரும் உண்டு. பெண் பார்க்கப் போன இடத்தில் ‘சொஜ்ஜி, பஜ்ஜி சாப்பிட்டாயிற்றா’ என்று கேட்பார்களே, அந்தச் சொஜ்ஜிதான். அதைப் பூரணமாக வைத்துத் தட்டிப் பொரித்தால் சொஜ்ஜியப்பம். இந்தியில் ரவைக்கு வழங்கும் சூஜியின் உறவு இது. மற்ற மொழிக்காரர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொன்றைப் பிடித்துக்கொண்டார்கள். கன்னடத்தில் கேசரிபாத், பாத் என்றால் சோறு, சோறே இல்லாத பண்டத்துக்கு. மராத்தியில் ஷீரா, பாரசீகத்தில் ஷீரா என்றால் சாறு, பாகு. இந்தியில் சூஜி அல்வா; அரபியில் அல்வா என்றால் இனிப்பு. நிறம், சோறு, பாகு, இனிப்பு என்று பெயர்கள் சிதறினாலும் தமிழர் வினைச்சொல்லில் மட்டும் தடுமாறவில்லை. கேசரியைச் சமைப்பதாகவோ ஆக்குவதாகவோ யாரும் சொல்வதில்லை. கேசரி கிண்டுகிறோம்.

ரவை என்ற சொல்லும் வெளியிலிருந்து வந்ததே. இந்தியிலும் மராத்தியிலும் ரவா என்றால் சிறு மணி, துகள். தமிழில் துப்பாக்கி ரவையும் மூக்குத்தி வைரத்தின் பொடிக்கல்லும் இதே சொல்லால் குறிக்கப்படுவது இதனால்தான். தமிழ் இலக்கணப்படி ரகரம் சொல்லுக்கு முதலில் வராது. ஆகவே இரவை என்று எழுதுவோரும் உண்டு. ‘இரவை நெய்யில் வறுக்கவும்’ என்று குறிப்பு எழுதினால் படிப்பவர் ராத்திரியை வறுக்கப் போவார். நொய் என்று மாற்றலாமா? உடைந்த தானியத்துக்கு நொய் அழகான தமிழ்ச் சொல். ஆனால் கோதுமை நொய் என்றால் தவிட்டோடு உடைத்த சம்பா கோதுமை ரவையைத்தான் எடுத்து வருவார்கள். கேசரிக்கு வேண்டியது வெள்ளை ரவை. அது தவிடு, முளை நீங்கிய கோதுமையின் உள்ளீடு. ரவையை ரவையாகவே விட்டுவிடுவது நல்லது.

அன்னாசி தென் அமெரிக்கச் சொல். அங்குள்ள துப்பி மொழியினரின் ‘நனாஸ்’, போர்த்துக்கேயரின் வாயில் ‘அனனாஸ்’ ஆகிப் பழத்தோடு கப்பலில் வந்தது. மலையாளிகள் செடியைப் பார்த்துக் கைதச்சக்க என்றார்கள்: தாழை போன்ற இலை, பலா போன்ற பழம். தமிழிலும் பறங்கித்தாழை என்று ஒரு பெயர் இருந்தது. இலையைப் பார்த்து வைத்த பெயர் அது; பழத்தின் பெயராக அன்னாசியே நிலைத்தது.

இனி வாணலி. 240 மில்லிலிட்டர் கப்பில் ஒரு கப் ரவை, ஏறக்குறைய 170 கிராம். நீர் 2½ கப், சர்க்கரை 1¼ கப், நெய் ½ கப், பொடியாக நறுக்கிய அன்னாசி 1 கப், முந்திரி 12, உலர்திராட்சை ஒரு மேசைக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை. குங்குமப்பூ 15 முதல் 20 இழை; முன்னதாகவே இரண்டு மேசைக்கரண்டி வெந்நீரில் ஊறட்டும். இது பொன்மஞ்சள் நிறம்தான் தரும், கல்யாணப் பந்தியின் ஆரஞ்சு நிறம் வராது. பழம் புளித்தால் சர்க்கரையை 1½ கப்வரை ஏற்றலாம். ரவை நடுத்தரமாக இருக்க வேண்டும். மாவுபோல மிக நைஸான சிரோட்டி ரவையில் கிண்டினால் பசைதான் கிடைக்கும்.

பழத்தின் கண்களையும் நடுத்தண்டையும் நீக்கி நறுக்கி, இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரையும் கால் கப் நீரும் விட்டு ஐந்து முதல் ஏழு நிமிடம் வேகவைக்கவும். இந்த வேலையைத் தாண்டிவிடக் கூடாது. வேகாத அன்னாசியில் புரோமலைன் என்ற நொதி இருக்கிறது. அது புரதத்தை உடைக்கும், பால் பொருளோடு சேர்ந்தால் கசப்பு தட்டும். கொதித்தால் அது செயலிழந்துவிடும். புளிப்பு மட்டும் கொதித்தாலும் போகாது. அதனால்தான் சாதாரணக் கேசரியில் பால் விடுபவர்கள்கூட இதில் நீர்தான் விடுவார்கள். பால் விட்டால் திரிந்து பொறுக்குப் பொறுக்காகத் தெரியும். டின்னில் வரும் துண்டுகள் ஏற்கெனவே வெந்தவை, பாகில் ஊறியவை. அவற்றுக்கு இந்த வேகவைப்பு வேண்டாம், சர்க்கரையிலும் கால் கப் குறைக்கலாம்.

மூன்று மேசைக்கரண்டி நெய்யில் முந்திரி, திராட்சையைப் பொரித்து எடுத்துவிட்டு, அதே நெய்யில் ரவையைச் சிறுதீயில் ஆறிலிருந்து எட்டு நிமிடம் வறுக்கவும். வாசம் வர வேண்டும், நிறம் மாறக் கூடாது. ‘வறுத்த ரவை’ என்று பாக்கெட்டில் இருந்தாலும் நெய்யில் இரண்டு நிமிடமாவது புரட்ட வேண்டும். ஒவ்வொரு மணியின் மேலும் நெய் படிந்தால்தான் நீரில் விழுந்ததும் மணிகள் ஒன்றோடொன்று ஒட்டாது. கட்டி தட்டுவது எப்படி என்றால், ஒட்டிய மணிகளின் வெளிப்புறம் உடனே ஊறிப் பசையாகிவிடும்; அந்தப் பசை நீரை உள்ளே விடாது, நடுவில் மாவு காய்ந்தே நிற்கும். வெந்த பழத்தோடு 2½ கப் நீர், உப்பு, குங்குமப்பூக் கரைசல் சேர்த்துத் தளதளவென்று கொதிக்கவிட்டு, தீயைக் குறைத்து, ஒரு கையால் ரவையைத் தூவிக்கொண்டே மறு கையால் கிண்டவும். பிறகு மூடி மூன்று, நான்கு நிமிடம்.

ரவை முழுவதும் வெந்த பிறகே சர்க்கரை. கேசரி கெட்டுப்போகும் வீடுகளில் பாதிப் பேர் தவறுவது இங்கேதான். சர்க்கரை நீரைத் தன்பக்கம் இழுத்துக்கொள்ளும். மாவுச்சத்து ஊறி வேக இன்னும் கூடுதல் சூடு தேவைப்படும். வேகாத ரவையில் சர்க்கரை விழுந்தால் மணிகள் நறநறவென்று நின்றுவிடும், அதன் பின் எவ்வளவு கிண்டினாலும் பெரிதாகத் தேறாது. சேர்த்ததும் கலவை இளகி நீர்த்துப்போகும். பயந்து தீயைக் கூட்டினால் அடிபிடிக்கும். நான்கைந்து நிமிடத்தில் தானே இறுகும். மீதி நெய்யை இரண்டு தவணையாக விட்டு, வாணலியின் பக்கங்களில் ஒட்டாமல் சுருண்டு வரும்போது, இன்னும் கொஞ்சம் தளர்வாக இருக்கையிலேயே இறக்கவும். ஆறும்போது மாவுச்சத்தும் இறுகும், நெய்யும் உறையும். அடுப்பிலேயே கெட்டியான கேசரி, தட்டில் கட்டியாகிவிடும். அப்படி ஆனால் ஒரு கப் கேசரிக்கு இரண்டு மூன்று கரண்டி வெந்நீர் தெளித்துச் சிறுதீயில் கிண்டினால் ஓரளவு இளகும். எசென்ஸ் விடுவதானால் இறக்கிய பிறகு இரண்டு மூன்று சொட்டு. கொதியில் விட்டால் மணம் ஆவியோடு போய்விடும். முந்திரி, திராட்சை கடைசியில்.

மற்றப் பழங்களுக்கு முறை சற்று மாறும். மாம்பழக் கூழ் ¾ கப் என்றால் நீரை இரண்டு கப்பாகக் குறைத்து, கூழைச் சர்க்கரைக்குப் பின் சேர்க்க வேண்டும். வாழைப்பழத்தை மசித்துச் சேர்க்கலாம். மகாராஷ்டிரத்தில் சத்தியநாராயண பூஜைக்குச் செய்யும் ஷீராவில் வாழைப்பழம் உண்டு. அங்கே எல்லாப் பொருளும் ‘சவ்வா’, அதாவது ஒன்றேகால் அளவு. ஆரஞ்சுச் சாற்றைக் கொதிக்கவிட்டால் கசக்கும் என்பதால் இறக்கும் நேரத்தில் விடுவார்கள்.

சரியான தமிழ்ச் சொல் எது? சுற்றிவரும் உணவுப்பெயர்ப் பட்டியல்களில் கேசரிக்குச் செழும்பம், பழும்பம் என்று இரண்டு சொற்கள் கிடைக்கின்றன. முதலாவது செழுமையை நினைவூட்டுகிறது, இரண்டாவது பழத்தை. இரண்டும் காதுக்கு இனியவையே. ஆனால் ரவையையும் காட்டவில்லை, கிண்டுவதையும் காட்டவில்லை. பழமே சேராத கேசரியைப் பழும்பம் என்பது பொருந்தவும் இல்லை. ஆண்டாள் பாட்டில் வரும் அக்காரவடிசிலை இழுத்து வருவோரும் உண்டு. அடிசில் என்பது அடுதல் என்ற வினையடியாகப் பிறந்த தூய தமிழ். ஆனால் அது குழைய வேகவைத்த சோறு. வறுத்துக் கிண்டும் பண்டத்துக்கு ஒட்டாது.

மேலே சொன்ன செய்முறையைத் திருவாதிரைக் களியின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பச்சரிசியையும் பாசிப்பருப்பையும் வறுத்து, ரவையாக உடைத்து, வெல்ல நீரில் வேகவிட்டு, நெய்யும் முந்திரியும் சேர்த்துக் கிண்டுகிறோம். தானியமும் இனிப்பும் மாறினாலும் வேலை அதேதான். ஆகவே கேசரி களி வகையைச் சேர்ந்தது. அல்வாவுக்கு இன்களி என்று அதே பட்டியல்களில் ஒரு சொல் உண்டு. அதையொட்டி ரவை இன்களி, அன்னாசி இன்களி என்று சொன்னால் பண்டம் என்னவென்று கேட்டவுடன் பிடிபடும். கிண்டும் வினையிலிருந்தே புதுப்பெயர் ஆக்கலாம் என்றால் ‘கிண்டல்’ என்று வந்து நிற்கும், அதை யாரும் தின்ன மாட்டார்கள்.

பேச்சில் கேசரியை விரட்ட வேண்டிய தேவையில்லை. கிரந்த எழுத்து இல்லாமல், தமிழ் ஒலிக்குள் சிரமமின்றி உட்கார்ந்துவிட்ட சொல் அது. சொல்லாக்கத்துக்கும் பாடப் புத்தகத்துக்கும் அன்னாசி இன்களி, உணவகப் பலகைக்கு அன்னாசிக் கேசரி. எழுதும்போது நடுவில் ‘க்’ மிகும். ‘பைனாப்பிள் கேசரி’ என்றால் மிகாது.