அழற்சி: வீக்கமும் அன்று, அலர்ஜியும் அன்று

தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்ந்து, இப்போது சுங்கை சிப்புட்டில் மகன் வீட்டில் இருக்கும் ஒரு பாட்டி, அண்மையில் தம் இரத்தப் பரிசோதனைத் தாளை என்னிடம் நீட்டினார். சி.ஆர்.பி. என்ற வரியில் 38 என அச்சாகியிருந்தது. "உடம்புல வீக்கம்னு சொல்லிட்டாங்க தம்பி, எனக்குக் கால்கூட வீங்கலையே" என்றார். பொருந்தாத சொல்லால் வந்த கலக்கம் அது.

கிருமி, காயம் போன்றவற்றுக்கு உடல் காட்டும் இந்த எதிர்வினைக்கு உரிய சொல் அழற்சி. அழல் என்றால் நெருப்பு. முயல் என்பதிலிருந்து முயற்சியும் சுழல் என்பதிலிருந்து சுழற்சியும் பிறப்பதுபோல அழலிலிருந்து அழற்சி பிறக்கிறது. இன்ஃபிளமேஷன் என்ற ஆங்கிலச் சொல்லும் தீ மூட்டுதலைக் குறிக்கும் இலத்தீன் வினையிலிருந்தே வந்தது. கிளினிக்கில் நம் காதில் விழும் மலாய்ச் சொல்லான கெராடாங்கானோ, கடுஞ்சினம் கொள்வதைக் குறிக்கும் மெராடாங் என்ற சொல்லுக்கு உறவு. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமானியரான செல்சஸ், சிவப்பு, வீக்கம், சூடு, வலி ஆகிய நான்கையும் இதன் அடையாளங்களாக எழுதிவைத்தார். ஆக, வீக்கம் நான்கில் ஒன்றுதான், உள்ளுறுப்பில் அழற்சி இருந்தால் அது கண்ணுக்குத் தெரியாமலே போகலாம். ஒலி நெருக்கத்தால் இதை அலர்ஜி என்று எண்ணுவோரும் உண்டு. அதற்கு ஒவ்வாமை என்ற நல்ல சொல் தனியே இருக்கிறது.

சி.ஆர்.பி. என்பதைச் சி-எதிர்வினைப் புரதம் எனலாம். நிமோனியாக் கிருமியின் சி என்னும் சர்க்கரைப் பொருளோடு வினைபுரிந்ததால் 1930இல் கண்டறியப்பட்ட இப்புரதத்தைக் கல்லீரல் சுரக்கிறது. அழற்சி தொடங்கிய சில மணி நேரத்திலேயே ஏறி, தணிந்ததும் விரைவில் இறங்கும். லிட்டருக்கு 5 அல்லது 10 மில்லிகிராமுக்குக் கீழ் இருந்தால் இயல்பு என்று ஆய்வுக்கூடங்கள் பெரும்பாலும் கொள்கின்றன.

அழற்சியைக் காட்டும் இன்னொரு இரத்தப் பரிசோதனையான இ.எஸ்.ஆர்., அதாவது செங்குருதியணு படிவு வேகம், இதைவிட மெதுவாக மாறுவது. மெல்லிய குழாயில் இரத்தத்தை நிமிர்த்தி வைத்தால் சிவப்பு கீழிறங்கி மேலே வைக்கோல் நிறத் தெளிவு நிற்கும். ஒரு மணி நேரத்தில் அத்தெளிவு எத்தனை மில்லிமீட்டர் என்பதே அளவு. அழற்சியில் இரத்தத்தில் ஃபைப்ரினோஜன் என்ற புரதம் பெருகுவதால் அணுக்கள் காசடுக்குப் போல ஒட்டி வேகமாகப் படிகின்றன. இரத்தசோகை, கர்ப்பம், முதுமை ஆகியவற்றாலும் இது கூடும்.

இரண்டுமே இடத்தையோ காரணத்தையோ சொல்வதில்லை. "உள்ளே எங்கேயோ அழற்சி, அனல் மாதிரி, எங்கேன்னு கண்டுபிடிக்க டாக்டர் உங்களைத்தான் கேட்பார்" என்றேன் பாட்டியிடம்.

"அப்போ ஒண்ணுக்குப் போறப்ப எரியுதே, அதையும் சொல்லணுமா?"

"அதைத்தான் முதலில் சொல்லணும், பாட்டி."