முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் தேங்கிய உப்பு

திருவாரூர் மாவட்டம் ஜாம்புவானோடையில் படகேறி, கடலையொட்டிய காயலான முத்துப்பேட்டை லகூனுக்குப் போனால், வழி நெடுக இரு கரையிலும் அலையாத்தி மரங்கள் நெருக்கியடித்து நிற்கும். அந்த வரிசைக்குப் பின்னால் சில இடங்களில் வெறும் பொட்டல். கோடையில் மண் பாளம் பாளமாக வெடித்து, மேலே உப்பு பூத்துக் கிடக்கும். அங்கேயும் ஒரு காலத்தில் காடு இருந்தது. வெட்டிய பிறகு ஏன் திரும்ப முளைக்கவில்லை?

பிரிட்டிஷ் ஆட்சியில் தொடங்கி 1970கள் வரை இங்கும் பிச்சாவரத்திலும் விறகுக்காகக் கூப்பு முறையில் மரம் வெட்டினார்கள். காட்டைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் மொட்டையடிப்பார்கள். தானாகத் தழைத்துவிடும் என்பது நம்பிக்கை. ஆனால் சதுப்பு மண்ணில் அது பலிக்கவில்லை. நிழல் போனதும் வெயில் நேராக மண்ணில் இறங்கியது. மண்ணுக்குள் இருந்த நீர் ஆவியாகி, தரை அமிழ்ந்து, தாம்பாளம் போல நடுவில் குழிந்துவிட்டது.

இந்தக் கரையில் ஓதம், அதாவது கடல்நீர் தினமும் ஏறி இறங்குவது, ஒரு மீட்டரைக்கூட எட்டாது. அதனால் சின்னப் பள்ளமே போதும். பெரிய ஓதத்தில் உள்ளே வரும் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் நிற்கும். வெயில் நீரை எடுத்துக்கொண்டு உப்பை விட்டுவிடும், அடுத்த ஓதம் மேலும் உப்பைக் கொண்டுவரும். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. பள்ளத்தில் தேங்கிய நீர் அதையும் தாண்டிவிடும்.

இங்கே அதிகம் இருக்கும் வெண்கண்டல் உப்புக்குச் சளைத்த மரமல்ல. இலையை விரலால் தடவி நாக்கில் வைத்தால் கரிக்கும். உறிஞ்சிய உப்பை அது இலை வழியாகவே வெளியேற்றுகிறது. காற்றுக்காகச் சேற்றிலிருந்து மேல்நோக்கி வேர்களை நீட்டுகிறது. தேங்கிய நீரில் அந்த வேர்கள் மூழ்கிவிட்டால் என்ன செய்யும்? சேற்றில் ஆக்சிஜன் தீர்ந்ததும், நுண்ணுயிர்கள் கடல்நீரின் சல்ஃபேட்டைக் கொண்டு வாழத் தொடங்குகின்றன. அதில் உண்டாகும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வேருக்கு நஞ்சு. கருஞ்சேற்றைக் கிளறினால் வரும் அழுகிய முட்டை நாற்றம் அதுதான். மிதந்து வந்து ஒதுங்கும் விதைகளும் அங்கே பிழைப்பதில்லை.

1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் இந்தப் பள்ளங்களுக்குள் வாய்க்கால் வெட்டின. நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், அதன் இருபுறமும் மீன்முள் போலச் சாய்வாகக் கிளைகள். ஓதம் வந்து போக ஆரம்பித்ததும் உப்பு கழுவப்பட்டது, வாய்க்கால் ஓரத்தில் நட்ட கன்றுகள் பிடித்துக்கொண்டன. இந்தப் பகுதி மீனவர்களுக்கு, மீன் பிடிக்கக் காட்டுக்குள் வாய்க்கால் வெட்டுவது பழைய வழக்கம். தண்ணீர் போக வழி செய்யாமல் பொட்டலில் கன்று நடுவது பணத்தையும் உழைப்பையும் சேற்றில் போடுவதுதான் என்பேன்.

சரி, வாய்க்கால் போதுமா? போதாது. அதன் வாய் தூர்ந்துகொண்டே இருக்கும், தூர்வாராவிட்டால் பள்ளம் பழையபடி உப்புக் குட்டையாகிவிடும். அதைவிடப் பெரிய சிக்கல் ஆற்றின் மேல்பக்கம் இருக்கிறது. முத்துப்பேட்டை காவிரியின் கடைமடைக்கும் கடைசி. பாமணியாறும் கோரையாறும் மழைக்காலத்தில்தான் நன்னீர் கொண்டுவருகின்றன, கோடையில் வெறுமனே கிடக்கின்றன. 1934இல் மேட்டூர் அணை வந்தபின் வண்டலிலும் பெரும்பகுதி மேலேயே தங்கிவிடுகிறது. நன்னீர் குறையக் குறைய, உப்பு அதிகம் தாங்காத சுரபுன்னை போன்றவை பின்வாங்கி, காடு கிட்டத்தட்ட வெண்கண்டல் மட்டுமே என்றாகிவிட்டது. கடலில் பிறந்து இங்கே வந்து வளரும் இறால் குஞ்சுகளுக்கும் உப்பு தணிந்த நீர் வேண்டும். காவிரி நீர்ப் பங்கீட்டில் இந்தக் காட்டுக்கும் ஒரு பங்கு ஒதுக்க வேண்டும், அதுவும் கோடையில்.