பாதரசம் எங்கே இருக்கிறது?

புரதப் படிகத்தின் மீது எக்ஸ் கதிரைச் செலுத்தினால் உணர்கருவியில் ஆயிரக்கணக்கான புள்ளிகள் விழும். ஒவ்வொன்றின் செறிவையும், அதாவது அது எவ்வளவு பிரகாசமாக விழுகிறது என்பதை, அளந்துவிடலாம். ஆனால் அந்த அலை முகடாக வந்ததா, பள்ளமாக வந்ததா என்பது, அதாவது அதன் கட்டம், பதிவாவதே இல்லை. கட்டம் தெரியாமல் அணுக்களின் வரைபடத்தைத் தீட்ட முடியாது.

1954-ல் மாக்ஸ் பெரூட்ஸின் குழு ஹீமோகுளோபினில் பாதரசத்தைப் பிணைத்து இதற்கு வழி காட்டியது. கார்பனில் 6 எலக்ட்ரான்கள், பாதரசத்தில் 80. பாதரசம் ஏறிய படிகத்துக்கும் ஏறாத படிகத்துக்கும் செறிவில் உள்ள வேறுபாடு பாதரசத்தால் வந்தது. அது இருக்கும் இடம் தெரிந்தால் புரதத்தின் கட்டங்களைக் கணக்கிடலாம். அந்த இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

கட்டமே இல்லாமல் செறிவுகளை மட்டும் கூட்டி ஒரு வரைபடம் போடும் முறையை 1934-ல் படிகவியலாளர் பாட்டர்சன் தந்திருந்தார். அதில் அணுக்களின் இடம் தெரியாது; ஓர் அணுவிலிருந்து இன்னொன்றுக்கு உள்ள தூரமும் திசையும் மட்டும் தெரியும். அறையில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று சொல்லாமல், 'இவரிடமிருந்து அவருக்கு வடக்கே நாலடி' என்ற சீட்டுகளை மட்டும், அதுவும் பெயர்களை அழித்துவிட்டு, கையில் கொடுப்பதைப் போன்றது இது. 10 அணுக்களுக்கு 90 சீட்டுகள். 1,000 அணுக்களுக்கு ஏறத்தாழ 10 லட்சம். முழுப் புரதத்துக்கு இது உதவாது. ஆனால் செறிவு வேறுபாடுகளை மட்டும் எடுத்து, பாதரசம் போன்ற எடைமிகுந்த சில அணுக்களுக்கு மட்டும் போட்டால் உட்கார்ந்து அவிழ்த்துவிடலாம்.

இப்படி ஓர் அணுவை ஏற்ற வேண்டியிருந்தால், இன்று பெரும்பாலும் பாதரசத்துக்குப் பதிலாக, மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்தில் உள்ள கந்தகத்தின் இடத்தில் செலினியத்தைப் புகுத்துகிறார்கள். அணுக்கள் பல பத்துகளாகும்போது கை ஓய்ந்துவிடும். அங்கேதான் ஷெல்க்ஸ்-டி போன்ற கணினி நிரல்கள் வருகின்றன. பாட்டர்சன் வரைபடத்தோடு ஒத்துப்போகும் சில இடங்களை நிரல் ஊகித்துக்கொள்கிறது. அவற்றிலிருந்து கட்டங்களைக் கணக்கிட்டு, ஹாப்ட்மனுக்கும் கார்லுக்கும் 1985-ல் நோபல் பரிசு பெற்றுத்தந்த 'நேரடி முறைகளால்', அதாவது செறிவுகளிலிருந்தே கட்டங்களை ஊகிக்கும் கணித முறைகளால், திருத்துகிறது. புதிய வரைபடத்தில் உயர்ந்து நிற்கும் சிகரங்களை அணுக்களாக எடுத்துக்கொண்டு மறுபடியும் தொடங்குகிறது. இப்படி நூற்றுக்கணக்கான, சில நேரம் ஆயிரக்கணக்கான தொடக்கங்கள். பெரும்பாலானவை வீண்தான்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதற்குப் பிறகு வருகிறது. தவறான விடைகள் எல்லாம் அளவுகளோடு ஒரே மாதிரி அரைகுறையாகப் பொருந்தி ஒரு கும்பலாகக் கிடக்கும். சரியான விடையோ அவற்றிலிருந்து விலகித் தனியே உயர்ந்து நிற்கும். அதன் சிகரப் பட்டியலிலும், உண்மையான அணுக்கள் முடியும் இடத்தில் உயரம் சட்டென்று சரியும்.

இன்னும் ஒரு குழப்பம் மீதி இருக்கும். கிடைத்த அமைப்பும் அதன் கண்ணாடிப் பிம்பமும் தூரங்களில் ஒன்றே. ஆகவே இரண்டுக்கும் வரைபடம் போட்டுப் பார்க்கிறார்கள். சில அலைநீளங்களில் செலினியம் எக்ஸ் கதிரை வழக்கத்துக்கு மாறாகச் சிதறடிக்கும்; அந்தச் சிதறலைப் பயன்படுத்தும்போது ஒன்றில் வெறும் கிறுக்கல்தான் இருக்கும். மற்றொன்றில் நீர் நிறைந்த பகுதி ஒதுங்கி, புரதத்தின் சுருள்கள் தெரியத் தொடங்கும்.