எத்தனை வேளை மாத்திரை?

“தம்பி, வழிக்கு எத்தனை வேளை மாத்திரை கையில வச்சுக்கணும்?” மயிலாடுதுறையிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு, மகன் வீட்டுக்குப் போகவிருந்த ஒரு அம்மா டிக்கெட்டை வாங்கியதும் கேட்டார். இத்தனை வருடமாக டிராவல்ஸ் நடத்துகிறேன், இப்படி யாரும் கேட்டதில்லை. எல்லாரும் கேட்பது “எத்தனை மணி நேரம்?” என்றுதான்.

மகன் ஏதோ இணையதளத்தில் இரண்டு ஊரையும் போட்டுப் பார்த்துப் ‘பதினாறு மணி நேரம்’ என்று சொல்லியிருந்தார். டிக்கெட்டைப் பார்த்த கணவரோ, “அதிகாலை 3:50க்குக் கிளம்பி அன்னைக்கே மதியம் 1 மணிக்கு இறங்குதே, ஒன்பது மணி நேரம்தானே?” என்றார். இரண்டுமே தப்பு.

அந்தத் தளங்கள் உலக உருண்டையின் மேல் நூல் பிடித்துத் தூரத்தை அளந்து, சராசரி வேகத்தால் வகுத்துவிடும். விமானம் காற்றைப் பார்த்துப் போகும். 2016 அக்டோபரில் ஏர் இந்தியா தன் டெல்லி–சான் பிரான்சிஸ்கோ விமானத்தை அட்லாண்டிக் பக்கமிருந்து பசிபிக் பக்கம் திருப்பியது. தூரம் சுமார் 13,900 கி.மீ. என்றிருந்தது 15,300 ஆனது. ஆனால் பயணம் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைய மிச்சமானது. காற்று பின்னாலிருந்து தள்ளியதுதான் காரணம். வான்வழி மூடினாலும் கணக்கு மாறும். 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் வான்வழி நம் விமானங்களுக்கு மூடப்பட்டதும் டெல்லியிலிருந்து மேற்கே போகும் விமானங்கள் சுற்றிப் போக வேண்டியதாயிற்று.

சரி, அம்மாவின் கணக்குக்கு வருவோம். டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். கோடையில் சான் பிரான்சிஸ்கோ நமக்குப் பன்னிரண்டரை மணி நேரம் பின்னால். அந்த மதியம் 1 மணி என்பது நமக்கு மறுநாள் அதிகாலை 1:30. ஆக, துபாயில் மாறும் நேரத்தையும் சேர்த்து 21 மணி 40 நிமிடம். வீட்டிலிருந்து சென்னைக்குக் கார், நான்கு மணி நேரம் முன்னதாக விமான நிலையம், அங்கே இறங்கியதும் இமிக்ரேஷன் வரிசை, பெட்டி, மகன் வீடு வரை கார். வாசலிலிருந்து வாசலுக்கு 35 மணி நேரம். நாளுக்கு மூன்று வேளை போடுகிறவருக்கு ஐந்து வேளை மாத்திரை.

தாமதத்துக்கென்று இன்னும் இரண்டு நாள் மாத்திரையும் டாக்டர் சீட்டும் கைப்பையிலேயே இருக்கட்டும், செக்-இன் பெட்டியில் வேண்டாம் என்றேன். இன்சுலின் போடுகிறவர்கள் நேரத்தை எப்படி மாற்றுவது என்று டாக்டரிடம்தான் கேட்க வேண்டும். அது என் வேலை இல்லை.

அப்புறம் தேதி. ஒருமுறை 15ஆம் தேதி 00:40 விமானத்துக்கு ஒரு குடும்பமே 15ஆம் தேதி ராத்திரி மாலையோடு வழியனுப்ப வந்து நின்றது. விமானம் முந்தின ராத்திரியே போய்விட்டது. வாய்விட்டுச் சொல்லாமல் டிக்கெட்டை நீட்டியது என் தப்பு. அதிலிருந்து டிக்கெட் கவரின் மேல் சிவப்பு மையில் நானே எழுதிவிடுகிறேன். இந்த அம்மாவின் கவரில் எழுதியது: ‘14, சாயங்காலம் 5:30, வீட்டை விட்டுக் கிளம்பணும்.’

அந்த அம்மா என் பேனாவை வாங்கி, அதன் கீழே ஐந்து கோடு போட்டுக்கொண்டார். ஒவ்வொரு வேளையும் போட்டதும் ஒன்றை அடித்துவிடுவாராம்.