டிஃபரன்ஷியேஷனுக்குத் தமிழ்ல என்ன, வேறுபடுத்தலா வேறுபடுதலா?

சைக்காலஜி பத்தி தமிழ்ல எழுதுற பலரும் டிஃபரன்ஷியேஷன், அதாவது ஒண்ணா இருந்தது தனித்தனியாப் பிரியறதுன்னு வந்தா 'வேறுபடுத்தல்'னு போட்டுட்டுப் போயிடறாங்க. எனக்கு இதுல உண்மையிலேயே வருத்தம், நடுவுல அந்த 'த்து' வந்தாலே தன்வினை பிறவினையா ஆயிடுது, யாரோ ஒருத்தர் உக்காந்து ரெண்டு பொருளைப் பிரிச்சு வைக்கிற மாதிரி. குழந்தை வளர்ச்சியில அப்படி யாரும் பிரிக்கிறதில்ல, அதுவாப் பிரியுது.

சொல்லோட வேர் லத்தீன். 'டிஸ்'னா தனித்தனியா, 'ஃபெர்ரே'னா சுமந்து போறது. கணக்குல இதே சொல்லுக்கு வகையிடல்னு சொல்றோம், அதை இங்க இழுக்க வேணாம்.

வளர்ச்சி உளவியல்ல இதை அழுத்திச் சொன்னவர் ஹைன்ஸ் வெர்னர். வியன்னாவுல பொறந்து, ஹாம்பர்க்ல வேலை பாத்து, நாஜிகள் வந்ததும் 1933ல வெளியேறி, கடைசியில அமெரிக்காவுல கிளார்க் யூனிவர்சிட்டியில இருந்தவர். எந்த வளர்ச்சியும் மொத்தையா, பிரியாம இருக்குற நிலையில ஆரம்பிச்சு, போகப் போகப் பிரிஞ்சு, பிரிஞ்சதெல்லாம் ஒண்ணுக்குள்ள ஒண்ணு அடுக்கா ஒருங்கிணையும்கிறது அவரோட கருத்து.

கைக்குழந்தைக்கு முன்னாடி ரெண்டு பொரியைப் போட்டுப் பாருங்க. ஆறு மாசத்துல அஞ்சு விரலும் சேந்து உள்ளங்கையோட அள்ளும், பாதி கீழ போகும். ஒம்பது பத்து மாசத்துல கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் தனியா வந்து ஒரு பொரியை எடுக்கும். விரல் பிரிஞ்சா மட்டும் போதாது, கண்ணும் கையும் வாயும் ஒண்ணா வேலை செய்யணும், அதான் வெர்னர் சொன்ன அந்த ரெண்டாவது பாதி, இதைத்தான் நம்ம 'வேறுபடுத்தல்' அப்படியே விட்டுடுது. பேச்சும் இப்படித்தான், நாய் மாடு பூனை எல்லாமே கொஞ்ச நாளைக்கு 'தோதோ'தான், அப்புறம் மாடு தனியா 'மா'ன்னு பிரிஞ்சு வரும்.

1932ல கனடாவோட மான்ட்ரியல்ல கேதரின் பிரிட்ஜஸ்ங்கற உளவியலாளர் குழந்தைகளோட உணர்ச்சிக்கும் இதையே சொன்னாங்க, பொறந்தப்ப வெறும் கிளர்ச்சிதான், அதுலருந்து வேதனையும் சந்தோஷமும் பிரியுது, பிற்பாடு வேதனையிலருந்து கோபமும் பயமும். அப்புறம் வந்தவங்கள்ல சிலர் இதை ஒத்துக்கல.

அதனால வளர்ச்சின்னு வர்ற இடத்துல 'வேறுபட்டு வளர்தல்'னு எழுதலாம்னு நினைக்கிறேன், நீளம்தான், ஆனா பொய் சொல்லாது.

மர்ரே போவன் சொன்ன டிஃபரன்ஷியேஷன் ஆஃப் செல்ஃப் வேற விஷயம், குடும்பத்தோட உறவை விடாமலே, அவங்க உணர்ச்சி வேகத்துல அடிச்சுட்டுப் போகாம தன் நிலையில நிக்கிறது. 1954லருந்து 1959 வரைக்கும் அமெரிக்க தேசிய மனநல நிறுவனத்துல ஸ்கிசோஃப்ரீனியா (மனச்சிதைவு நோய்) இருந்தவங்களோட குடும்பத்தையும் சேத்தே வார்டுல தங்க வெச்சுப் பாத்த டாக்டர் அவர். இதைப் போய் 'குடும்பத்துலருந்து பிரிதல்'னு எழுதறாங்க, மனசு கேக்கல, ஏன்னா பேச்சுவார்த்தையை முறிச்சுக்கிட்டுப் போறதுக்கு அவர் தனியாவே ஒரு பேர் வெச்சிருக்கார், அதை அவர் தீர்வாவே பாக்கல. தனிக்குடித்தனம் போனவரும் அம்மா ஃபோன் வந்ததும் பதறினா, போவன் கணக்குல இன்னும் அந்த நிலைக்கு வரலன்னுதான் அர்த்தம்.

நம்ம பேச்சுலயே 'தன்னிலை இழந்து கத்திட்டான்'னு ஒரு வழக்கு இருக்கே, அதைத் திருப்பிப் போட்டு, போவனோட சொல்லுக்கு 'தன்னிலை காத்தல்'னு எழுதலாம். அம்மா அழுதுக்கிட்டே "இந்த வரனுக்கு சரின்னு சொல்லுடா"ங்கறாங்க, இவன் எரிஞ்சும் விழல, ஃபோனையும் வெக்கல, "எனக்கு வேணாம்மா, நீ சாப்டியா?"ன்னு கேக்கறான். போவன் சொன்னது இதைத்தான்.