பை நிறைய மனு, ஒரு வழக்குகூட இல்லை

போன வாரம் ஒரு பெரியவர் வந்தார். கையில் ஜவுளிக்கடை மஞ்சப்பை. உள்ளே 14 வருஷத்து மனுக்கள், தேதிவாரியாக அடுக்கி நூலால் கட்டியிருந்தார். 2011இல் பக்கத்து நிலத்துக்காரர் இவருடைய 11 சென்ட்டையும் சேர்த்து வேலி போட்டுவிட்டார். அன்று பிடித்தது கலெக்டர் ஆபீஸ் நடை. திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் நாள் ரசீது, ஜமாபந்தி ரசீது, முதலமைச்சரின் தனிப்பிரிவுக்கு அனுப்பிய பதிவுத்தபால் ஒப்புகை அட்டை, எல்லாம் பத்திரமாக இருந்தன.

"சரிங்க ஐயா, கேஸ் எப்போ போட்டீங்க?"

"அதான் இவ்ளோ மனு போட்டிருக்கேனே வக்கீல் சார்."

இந்த வருஷம் இப்படி வந்தவர்களில் இவர் ஐந்தாவது ஆள். அதனால் கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மனு வழக்கு ஆகாது. ரசீதில் விழும் முத்திரைக்கு 'வாங்கிக்கொண்டோம்' என்பதைத் தவிர வேறு பொருள் கிடையாது. மனு நிலுவையில் இருக்கிறது என்பதற்காக வழக்குப் போடும் காலக்கெடு ஒரு நாள்கூட நிற்காது. ஒன்று போட்டாலும் நிற்காது, நூறு போட்டாலும் நிற்காது. பத்து பேருக்கு நகல் போட்டாலும் நிற்காது. (குடியரசுத் தலைவருக்கு நகல் போடாத மனுவை நான் பார்த்தே வருஷக்கணக்காகிறது.) உரிமையை வைத்து நிலத்தின் சுவாதீனத்தை, அதாவது கைவசத்தை, மீட்க வழக்குப் போடும் கெடு 12 வருஷம். வேலி போட்ட நாளிலிருந்தே எதிர்த்தரப்பு கணக்குப் போடும். பெரியவருக்கு அந்த 12 வருஷம் 2023இலேயே நிறைந்துவிட்டது.

வேலை, பென்ஷன் விவகாரங்களிலும் இதே கதைதான். நம் மாநிலத்திலிருந்து உச்ச நீதிமன்றம் வரை போன ஜேக்கப் வழக்கைச் சொல்கிறேன். 1982இல் வேலை போனவர் 18 வருஷம் கழித்து மனுக் கொடுத்தார். அதைப் பரிசீலிக்கும்படி ஓர் உத்தரவும் வாங்கினார். அதிகாரி பரிசீலித்து நிராகரித்தார். செத்துப்போன கோரிக்கைக்கு அந்த நிராகரிப்பு புது உயிர் கொடுத்துவிடாது என்று 2008இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 'பரிசீலிக்க உத்தரவு' வாங்கிக் கொடுத்து ஃபீஸ் வாங்கும் எங்கள் ஆட்கள் சிலரும் இதைப் படித்தால் நல்லது.

மக்களை மட்டும் குறை சொல்ல முடியாது, இது பரம்பரையாக வந்த நினைப்பு. மனுநீதிச் சோழன் அரண்மனை வாசலில் மணி கட்டினான், பசு வந்து அடித்தது என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்தக் கதையில் ஆள்பவனே நீதிபதி, கதவைத் தட்டினால் அங்கேயே தீர்ப்பு.

கிழக்கிந்தியக் கம்பெனி காலத்திலும் இது பெரிதாக மாறவில்லை. வரி வாங்கும் கலெக்டரே மாஜிஸ்திரேட்டும்கூட. வரி பாக்கி வைத்த குடியானவனின் விரல்களைக் கட்டைகளுக்கு நடுவே வைத்து நெரிப்பார்கள், அதற்குக் கிட்டி என்று பெயர். அடித்தவனின் மேலதிகாரியிடமே போய் முறையிட வேண்டும். அதனால்தான் 1852இல் கஜுலு லட்சுமிநரசு செட்டி தொடங்கிய சென்னைவாசிகள் சங்கம், உள்ளூர் அதிகாரிகளைத் தாண்டி லண்டன் பாராளுமன்றத்துக்கே மனு அனுப்பியது. அங்கே பேச்சு எழுந்தது, இங்கே சித்திரவதை விசாரணைக் கமிஷன் வந்தது. 1855 அறிக்கையில் கிட்டியும் பதிவானது. வேறு வாசலே இல்லாத காலத்து மனு அது.

இன்று வாசல் வேறு. அரசியலமைப்பின் 350ஆவது பிரிவு, எந்த அதிகாரிக்கும் உங்கள் குறையைத் தமிழிலேயே எழுதிக் கொடுக்கும் உரிமையைத் தந்திருக்கிறது. ரேஷன் கார்டு, முதியோர் உதவித்தொகை, தெருவிளக்கு, குடிதண்ணீர் என்றால் தாராளமாகக் கொடுங்கள், வேலை நடக்கும். ஆனால் இந்த நிலம் யாருடையது என்று தீர்மானிக்கும் அதிகாரம் கலெக்டருக்குக் கிடையாது. அவரே மனது வைத்தாலும் முடியாது. உங்கள் மனு ஆர்.டி.ஓ., தாசில்தார், ஆர்.ஐ. என்று படியிறங்கி, கடைசியில் நீங்கள் முதலில் சண்டை போட்ட வி.ஏ.ஓ.வின் மேஜைக்கே வந்து சேரும்.

தயவுசெய்து மூன்று மாதத்துக்கு மேல் காத்திருக்காதீர்கள். மனு என்ன ஆயிற்று என்று தெரியவில்லையா, தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் மேல்முறையீடு. எந்த உத்தரவு வந்தாலும் அதில் 'மேல்முறையீடு' என்ற சொல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தபால் கவரைத் தூக்கிப் போடாதீர்கள், அதில் இருக்கும் தேதிதான் எங்களுக்கு வேண்டும். வக்கீலுக்குப் பணமில்லை என்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இலவச சட்ட உதவி மையம் இருக்கிறது. பெண்களுக்கு வருமானச் சான்றுகூடக் கேட்க மாட்டார்கள்.

பெரியவரின் கட்டைப் பிரித்தேன். மேலிருந்து மூன்றாவது காகிதம், 2012ஆம் வருஷத்துத் தாசில்தார் பதில், நாலே வரி. 'இது உரிமை குறித்த பிரச்சினை என்பதால் மனுதாரர் உரிமையியல் நீதிமன்றத்தை அணுகிப் பரிகாரம் தேடிக்கொள்ளலாம்.'

"இதைப் படிச்சீங்களா ஐயா?"

"படிச்சேன். தட்டிக் கழிக்கிறாங்கன்னு நினைச்சுக்கிட்டேன். அதான் மேல போட்டேன்."

அப்புறம் காகிதங்களைத் திரும்ப அடுக்கி, நூலைச் சுற்றிக்கொண்டே கேட்டார்: "பிரதமருக்கு மட்டும் இன்னும் போடலை சார். ஒண்ணு எழுதித் தர்றீங்களா?"