ஸ்கூட்டர்ல சைலன்சர் இல்லாம ஓட்டினா எந்த செக்‌ஷன், எவ்ளோ ஃபைன்?

போன மழை முடிஞ்ச கையோட என் 110 சிசி ஸ்கூட்டர்ல சைலன்சர் பெண்ட் பைப் (எஞ்சினையும் சைலன்சரையும் இணைக்கிற வளைஞ்ச குழாய்) கிட்ட துருப்பிடிச்சு, ஒரு ஸ்பீடு பிரேக்கர் ஏறி இறங்கினதும் டொக்குன்னு உடைஞ்சு தொங்கிடுச்சு. ராத்திரி பத்தரை மணி, ஒரு கடையும் இல்ல, வீட்டுக்கு மூணு கிலோமீட்டர்தானேன்னு கம்பியை வெச்சு இழுத்துக் கட்டிட்டு ஓட்டிட்டே வந்துட்டேன். எதிர் வீட்ல ஹார்ட் ஆபரேஷன் முடிஞ்சு வந்து படுத்திருந்த பெரியவர் அந்த சத்தத்துல தூக்கிவாரிப் போட்டு எழுந்து உக்காந்துட்டாராம், அப்புறம் விடியற வரைக்கும் தூங்கவே இல்லன்னு அவங்க வீட்டம்மா காலையில சொன்னப்ப எனக்கு மனசு ரொம்ப கஷ்டமா போச்சு. வண்டியை விட்ட இடத்துல மெக்கானிக் பையன் வேற "எதுக்குண்ணா ரெண்டு நாள் வெயிட் பண்றீங்க, அப்படியே ஓட்டுங்க, சின்ன வண்டியை எல்லாம் யாரும் பிடிக்க மாட்டாங்க"ன்னான். அது தப்பு. நிறைய பேர் அப்படித்தான் நினைச்சிட்டு இருக்காங்க, அதனாலதான் இதை எழுதறேன்.

முதல்ல அடிப்படை விதி. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989ல 120வது விதி, எஞ்சின்ல இருந்து வர்ற புகையோட சத்தத்தை முடிஞ்ச அளவு குறைக்கிற சைலன்சர் "எல்லா மோட்டார் வாகனத்திலும்" இருக்கணும்னு சொல்லுது. டிராக்டரைக்கூட பேர் சொல்லி சேர்த்திருக்காங்க. 50 சிசி மொபெட்டா, 125 சிசி ஸ்கூட்டரா, புல்லட்டான்னு எந்த வித்தியாசமும் கிடையாது.

இப்ப ஃபைனுக்கு வருவோம், இங்கதான் எல்லாரும் குழம்பறாங்க, ஏன்னா ஒரே தப்புக்கு மூணு செக்‌ஷன்ல எது வேணா வரலாம். மோட்டார் வாகனச் சட்டம் 1988ஐ 2019ல திருத்தினப்ப 194எஃப்னு புதுசா ஒண்ணு சேர்த்தாங்க. தேவையில்லாம ஹாரன் அடிக்கறதும் அதுலதான் வருது, புகை சைலன்சர் வழியா போகாம வேற வழியா வெளிய போற மாதிரி 'கட் அவுட்' வெச்சு ஓட்டறதும் அதுலதான் வருது. முதல் தடவை 1,000 ரூபா, அடுத்த தடவையில இருந்து 2,000. இது சின்னது.

பெருசு 190(2). சத்தம், காத்து மாசு, ரோடு சேஃப்டி, இந்த மூணுக்கும் இருக்கிற தர அளவை மீறின வண்டியை பொது இடத்துல ஓட்டினா முதல் தடவையே 10,000 ரூபா வரைக்கும் ஃபைன், இல்ல மூணு மாசம் வரைக்கும் ஜெயில், இல்ல ரெண்டுமே, அதோட மூணு மாசத்துக்கு லைசென்ஸ் தகுதி போயிடும். மறுபடி மாட்டினா ஜெயில் ஆறு மாசம் வரைக்கும். 2019க்கு முன்னாடி இதே செக்‌ஷனுக்கு முதல் தடவை ஆயிரம் ரூபாதான், அந்த பழைய கணக்குலயே இன்னும் பேசிட்டு இருக்கிறவங்க இருக்காங்க. இதுல இன்னொண்ணு நல்லா கவனிங்க, ஓட்டறவர் மட்டும் இல்ல, "ஓட்ட விடறவரும்" குற்றவாளின்னு சட்டத்துலயே இருக்கு. மச்சான் கேட்டான்னு சாவியைக் கொடுத்தாலும் உங்க பேரும் வரும்.

மூணாவது 182ஏ(4), இது ஓனருக்கு. கம்பெனி கொடுத்த மாதிரி இல்லாம அனுமதி இல்லாத மாற்றம் பண்ணினா ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபா, இல்ல ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், இல்ல ரெண்டும். சைலன்சர் உள்ள இருக்கிற தகடை வெட்டி எடுக்கறது, பின்னாடி ஓட்டை போடறது, ரேஸ் பைப் மாட்டறது எல்லாம் இந்தப் பக்கம் வரும்.

ஸ்பாட்ல நீங்க கட்டறது ஒவ்வொரு மாநில அரசும் தனியா நிர்ணயிக்கிற சமரசக் கட்டணம் (கோர்ட்டுக்குப் போகாம முடிச்சுக்கறதுக்குக் கட்டறது), அதனால தொகை மேல சொன்ன உச்சத்தை விட குறைவா இருக்கலாம். செலான் கையில வந்ததும், இல்ல போன்ல மெசேஜ் வந்ததும், முதல்ல எந்த செக்‌ஷன் போட்டிருக்காங்கன்னு பாருங்க. 194எஃப்பும் 190(2)வும் ஒண்ணு கிடையாது, ரெண்டாவதுல லைசென்ஸே மாட்டுது.

"மீட்டர் வெச்சு அளந்தீங்களா சார்"னு கேட்டு தப்பிச்சிடலாம்னு ஒரு பேச்சு இருக்கு. டெசிபல் அளவு இருக்கறது உண்மைதான், 2005 ஏப்ரல்ல இருந்து வந்த அளவுப்படி 80 சிசி வரைக்கும் 75, 80க்கு மேல 175 சிசி வரைக்கும் 77, அதுக்கு மேல 80 டெசிபல். ஆனா அது புது வண்டியை தயாரிக்கிற இடத்துல பண்ற டெஸ்ட். சைலன்சரே இல்லன்னா அளக்க என்ன இருக்கு, 120வது விதி மாட்டியிருக்கணும்னுதான் சொல்லுது, இல்லங்கறது கண்ணுக்கே தெரியுது. அதோட குடியிருப்புப் பகுதியில ராத்திரி 10ல இருந்து காலையில 6 வரைக்கும் 45 டெசிபலுக்கு மேல சத்தம் போகக்கூடாதுன்னு 2000ல வந்த ஒலி மாசு விதிகள் சொல்லுது, ஆஸ்பத்திரி, ஸ்கூல், கோர்ட்டு சுத்தி 100 மீட்டர் அமைதி மண்டலம்னா அங்க 40தான். டெசிபல் கணக்குல 10 ஏறினா சத்தத்தோட சக்தி பத்து மடங்குன்னு அர்த்தம், அப்ப அந்தப் பெரியவர் காதுல என்ன விழுந்திருக்கும்னு நீங்களே நினைச்சுப் பாருங்க.

பிக்கப் கூடும்ங்கறதும் சும்மா. பழைய டூ ஸ்ட்ரோக் வண்டிக்கு சைலன்சர்தான் பாதி பவர், அதுல இருந்து திரும்பி வர்ற அழுத்தம்தான் எரியாத பெட்ரோல் கலவையை உள்ள தள்ளி வைக்கும், கழட்டினா வண்டி இழுக்கவே இழுக்காது. 2020 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த பிஎஸ் 6 ஸ்கூட்டர்ல ஆக்சிஜன் சென்சார் எக்ஸாஸ்ட்லதான் இருக்கு, புகையில இருக்கிற நச்சு வாயுவைக் குறைக்கிற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் அந்தப் பைப்லயேதான் இருக்கு, அது இல்லாம ஓட்டினா மீட்டர்ல எஞ்சின் லைட் எரிய வாய்ப்பு இருக்கு, பொல்யூஷன் சர்டிபிகேட் கிடைக்கறதும் கஷ்டம்.

எனக்கு நடந்த மாதிரி வழியில உடைஞ்சா, அதுக்குன்னு சட்டத்துல தனி சலுகை எதுவும் கிடையாது. ஆஃப் பண்ணி ஓரமா விடுங்க, தள்ளிட்டுப் போங்க, தூரம்னா ஒரு குட்டி யானைய புடிச்சு ஏத்திடுங்க, அந்த வாடகை ஃபைனை விட கம்மிதான். சின்ன ஓட்டைன்னா கேஸ் வெல்டிங்ல அடைச்சிடலாம், பெண்ட் பைப்பே போயிடுச்சுன்னா மாத்தறதுதான் வழி. விலை கம்மின்னு லோக்கல் சைலன்சர் வாங்கினா உள்ள கன்வெர்ட்டர் இருக்கான்னு கேட்டுக்கோங்க, பழசையும் மெக்கானிக் கிட்ட விட்டுட்டு வராதீங்க, கன்வெர்ட்டர்ல பல்லேடியம், ரோடியம் மாதிரி விலை உயர்ந்த உலோகம் இருக்கு, மாருதி ஈகோ வேன்ல சைலன்சரை மட்டும் திருடிட்டுப் போறதே அதுக்காகத்தான். மாட்டும்போது எஞ்சின் ஹெட்ல வர்ற கேஸ்கெட்டை (ஜாயின்ட்ல புகை கசியாம அடைக்கிற வளையம்) புதுசா போடச் சொல்லி பக்கத்துல நின்னு பாருங்க, பழசையே நசுக்கி திரும்ப வெச்சா ஒரு வாரத்துல அந்த ஜாயின்ட்ல கரி படியும், காலையில ஸ்டார்ட் பண்ணினதும் டப் டப்புன்னு லீக் சத்தம் வரும்.